முயலைச் சுமந்த ஆமை

அக்டோபர் 14, திங்கள்
இன்று இரண்டாம் வகுப்புக்கு ஆமை முயல் கதை. தெரிந்த கதைதானே என்று அசட்டையாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது நாக்கு சும்மா இருக்கவில்லை. "நம்ம பாண்டிச்செல்வியும் ஆமை மாதிரிதான். மெதுவா வாசிச்சாலும் கடைசியில ஜெயிச்சிருவா" என்றேன். பாராட்டுவதாக நினைப்பு எனக்கு. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்டோபர் 17, வியாழன்
பாண்டிச்செல்வி மூன்று நாளாக வரவில்லை. காய்ச்சலாக இருக்கும்.

அக்டோபர் 18, வெள்ளி
காய்ச்சல் இல்லை. மணிராஜ்தான் சொன்னான்: "இசக்கிமுருகன் அவளை 'ஏட்டி ஆமை'ன்னு கூப்பிடுதான் டீச்சர். இப்ப எல்லாருமே அப்படித்தான் கூப்பிடுதாங்க."
அந்தப் பெயரை வைத்தது இசக்கிமுருகனா? நான்தானே! பதினோரு வருஷமா டீச்சரா இருந்து என்ன பிரயோஜனம்? அந்தப் பிள்ளை இனி வராமலே போயிட்டா?

அக்டோபர் 20, ஞாயிறு
அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா வெயிலம்மாளுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. ஞாயிறுதான் வீட்டில் இருப்பார். தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு, திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்.
"எங்க வீட்டு ஆமை வேற டீச்சர். மழையில கரிசல் மண்ணு காலுல அப்பி, முயலுக்குக் காலைத் தூக்க முடியல. ஆமைதான் முதுகுல ஏத்திக்கிட்டுப் போச்சு. இவளுக்கு அப்படித்தான் சொல்லுதேன்."
கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல்: "முயலு, 'மெதுவாப் போ, விழுந்துருவேன்'னு கத்தும்."
எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இதை வகுப்புல சொல்லட்டுமா?" என்று அவளிடமே கேட்டேன்.
"நீங்க சொல்லுங்க. நான் கேக்க வாரேன்."

அக்டோபர் 21, திங்கள்
வந்தாள்!
கரும்பலகையில் நடுவே கோடு கிழித்தேன். ஒரு பக்கம் புத்தகத்துக் கதை, மறுபக்கம் வெயிலம்மாள் சொன்ன கதை. எந்த ஆமை எப்படி, எந்த முயல் எப்படி என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதினேன். பொறுமை இரண்டு ஆமைக்கும் உண்டாம். மணிராஜ் மட்டும் புத்தகத்து ஆமையை விடவில்லை. "தூங்குத முயலை எழுப்பியிருக்கலாம்லா டீச்சர்? பேசாமப் போயிட்டுதே!" இத்தனை வருஷம் சொல்லியும் எனக்கு இது தோன்றியதே இல்லை.
"சரி, முயல்?"
"அங்க பெருமை பேசுது. இங்கன பயப்படுது." சொன்னது பாண்டிச்செல்வி. தானாகக் கை தூக்கியது இதுதான் முதல் தடவை. வெயிலம்மாளுக்கு எப்படி நன்றி சொல்வேன்? அந்தக் காப்பிக்கே இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி
வெயிலம்மாள் கதையை இன்று வகுப்பில் நாடகமாகப் போட்டோம். "யாரு ஆமை?" என்றதும் பதினாலு கை. இசக்கிமுருகன் எழுந்து குதிக்கவே ஆரம்பித்துவிட்டான். பாண்டிச்செல்விக்குத்தான் என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். நல்லவேளை, இந்த முறை வாயைத் திறக்கவில்லை.
"நான் முயலு டீச்சர்" என்றாள்.
இசக்கிமுருகன் குனிந்தான். ஏறி உட்கார்ந்து, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடமே கேட்கிற மாதிரி கத்தினாள்:
"ஏலே ஆமை, மெதுவாப் போ! விழுந்துருவேன்!"