ஆர்விட் லுண்டின் பெயருக்கு எதிரே

எல்ம் ஃபோர்க், அயோவா
அக்டோபர் 12, 1987

அன்புள்ள நடீனுக்கு,

என் வீட்டு மேல் அறையைக் காலி செய்துவிட்டு நீ டேவன்போர்ட் பிரசார அலுவலகத்துக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நாய் இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் படுக்கிறது. கை நடுக்கத்தால் நான் பேனா பிடிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். தபால் கொண்டுவரும் யூனிஸ்தான் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். காபிக்கு ஆசைப்பட்டுத்தான் எழுதுகிறாள் என்றேன், அதையும் எழுதிவிட்டாள்.

நீ அனுப்பிய வரைபடம் கிடைத்தது. நம் செனட்டர் வாரிக்குக்கு உறுதியாக நிற்பவர் வீட்டில் பச்சைப் பொட்டு, ஒன்றாம் எண். தீர்மானிக்காதவருக்கு மஞ்சள், மூன்று. எதிராளிக்குச் சிவப்பு, ஐந்து. நல்ல ஏற்பாடு. ஆனால் பாதிப் பொட்டு தப்பு.

லோர்னா ஹாக் வீட்டுக்கு ஏன் பச்சை? ஆப்பிள் பை பலகாரம் கொடுத்து, "உங்க செனட்டர் பேசறது ரொம்ப சுவாரசியமா இருக்கும்மா" என்றாள், அதனால்தானே? எங்கள் ஊரில் அதற்கு "கெளம்பு" என்று அர்த்தம். எழுபத்தாறில் பிரசாரத்துக்கு வந்த பெண்ணுக்கும் அதே பை, அதே பேச்சு. எண்பதில் வந்தவனுக்கு இரண்டு துண்டு. இருவரின் வேட்பாளருக்கும் அவள் நிற்கவில்லை. ரூபன் ஸ்டோலுக்குச் சிவப்பு வைத்திருக்கிறாய். "இந்தக் குளிர்ல வாசல்ல நிக்கிறியே, பைத்தியமா உனக்கு? போயி மொதல்ல ஒரு தொப்பி வாங்கிப் போடு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான் அல்லவா? அது அக்கறை. அவன் பச்சை.

கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிப்ரவரிக் கூட்டத்துக்கு எங்கள் பகுதியில் அறுபது பேர் வருவார்கள். சீட்டு கிடையாது, ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்து நிற்பதுதான் வாக்கு. ஒரு மூலையில் ஒன்பது பேராவது நின்றால்தான் அந்த வேட்பாளருக்கு மதிப்பு. உன் படத்தில் இருபத்திரண்டு பச்சை. உண்மையில் ஒன்பது, என்னையும் சேர்த்து.

தொப்பி வாங்கினாயா?

இப்படிக்கு,
ஆர்விட் லுண்ட்


டேவன்போர்ட்
அக்டோபர் 20

மதிப்புக்குரிய ஆர்விட் ஐயாவுக்கு,

தொப்பி வாங்கிவிட்டேன். சிவப்பு. ரூபனிடம் சொல்லிவிடுங்கள்.

இருபத்திரண்டை ஒன்பதாக்கி அனுப்பியதும் எங்கள் மேலாளர் போனில் கத்தினார். "எல்லா ஊர்லயும் எண்ணிக்கை ஏறுது, உன் ஊர்ல மட்டும் எறங்குதே! நீ யாருக்கு வேலை செய்யிறே, நடீன்?" என்றார். "என்கிட்ட எழுபத்திரண்டுலேர்ந்து யார் எங்க நின்னாங்கன்னு சொல்ற ஒருத்தர் இருக்கார் சார். உங்ககிட்ட இருக்காரா?" என்றேன். போனை வைத்துவிட்டார்.

இங்கே எல்லாரும் இருபத்திரண்டு வயது. நாற்பத்தாறு வயதுக்காரி நான் ஒருத்திதான். ஆறிய பீட்சாவும் தரையில் படுக்கையுமாக நாள் போகிறது. உங்கள் மேசையும் முட்டைப் பொரியலும் ஞாபகம் வருகின்றன. பொரியல் தீய்ந்திருக்கும், ஆனாலும் சூடாக இருக்கும்.

அன்புடன்,
நடீன் பராட்


டேவன்போர்ட்
ஜனவரி 11, 1988

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

வானொலியில் கேட்டிருப்பீர்கள். செனட்டர் வாரிக் போட்டியிலிருந்து விலகிவிட்டார். எங்களுக்கே அந்த அறிவிப்புக்கு அரை மணி நேரம் முன்னால்தான் சொன்னார்கள். சுவரில் ஒட்டிய உங்கள் ஊர்ப் படத்தின் நகலை நானே கழற்றினேன்.

மறுநாளே போட்டியில் இருக்கும் கவர்னர் டெல்மாரின் ஆட்கள் கூப்பிட்டார்கள். சேர்ந்துவிட்டேன். பிரசாரம் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. கவர்னரும் நல்லவர்தான் ஐயா. எல்ம் ஃபோர்க்கில் அவருக்கு ஆளே இல்லை. உங்கள் ஒன்பது பேரும் அவர் மூலைக்கு வந்தால் பெரிய உதவியாக இருக்கும். நீங்கள் சொன்னால் வருவார்கள்.

அன்புடன்,
நடீன்


எல்ம் ஃபோர்க்
ஜனவரி 15

நடீனுக்கு,

உன் கடிதத்தை யூனிஸ் இரண்டு முறை படித்தாள். இரண்டாவது முறை நான் கேட்டுத்தான்.

ஜூன் எட்டாம் தேதி, திங்கட்கிழமை, வெளியே மழை. என் சமையல் மேசையில் உட்கார்ந்து நீ சொன்னது: "என் தம்பி வேலை செஞ்ச இரும்பாலைய மூடினப்ப வாசல்ல வந்து நின்னவரு வாரிக் ஒருத்தர்தான். மத்தவங்க தந்தி அனுப்பினாங்க." அதைக் கேட்டுத்தான் நான் பச்சை ஆனேன். நான் சொன்னதைக் கேட்டு எட்டுப் பேர் ஆனார்கள்.

தந்தி அனுப்பிய மற்றவர்களில் டெல்மாரும் உண்டுதானே?

ஏழு மாதம் ஒருவருக்காகப் பேசிய அதே வாயால் மறுநாளே இன்னொருவருக்காகப் பேச முடியுமென்றால், மழை பெய்த அன்று பேசியது யார்? கோபத்தில் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்கிறேன். எட்டு வீட்டுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். "என்ன ஆர்விட், உன் மாடிவீட்டுக்காரி வேற ஆள் பக்கம் தாவிட்டாளாமே?" என்று லோர்னா கடையில் எல்லார் முன்னாலும் கேட்டாள். சுவாரசியமாக இருக்கிறதாம்.

ஆர்விட் லுண்ட்

(யூனிஸ் எழுதுவது: மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உடனே பதில் போடு.)


டேவன்போர்ட்
ஜனவரி 22

ஐயா,

ஆம். டெல்மாரும் தந்திதான் அனுப்பினார்.

எங்கள் வேலை இப்படித்தான். நம்பாமல் யார் வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. நம்பியவர் விலகினால் அந்த நம்பிக்கையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். இது எனக்கு ஐந்தாவது பிரசாரம். மடிக்கப் பழகிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். மழை பெய்த அன்று பேசியது நான்தான் ஐயா. பதினொன்றாம் தேதி எழுதியதும் நான்தான். இரண்டையும் எப்படிச் சேர்த்துவைப்பது என்று எனக்கே தெரியவில்லை.

உங்களிடம் ஒன்பது பேரைக் கேட்டது தப்பு. இனிக் கேட்க மாட்டேன். இங்கே என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நடீன்


எல்ம் ஃபோர்க்
பிப்ரவரி 9

அன்புள்ள நடீனுக்கு,

நேற்று மாலை பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் கூட்டம் நடந்தது. சரியாக அறுபது பேர். நான் சொன்னது தப்பாது.

நுழைந்ததும் கவர்னரின் ஆள் ஒருவன் தாளோடு வந்தான். தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "லுண்ட் ஐயாதானே? உங்க பேருக்கு எதிர்ல ஒண்ணுமே போடலியே. உங்க ஒம்பது பேருக்குமே காலியா விட்டுட்டாங்க அந்தம்மா. எங்க மேலாளர் கேட்டதுக்கு, 'எனக்குத் தெரியாது'ன்னுட்டாங்களாம். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாங்க" என்றான்.

எங்கள் எல்லாரையும் தெரிந்தவள் நீ. ஒன்று என்று போட்டிருந்தால் உனக்குப் பாராட்டு கிடைத்திருக்கும்.

இன்னொன்றும் நேற்றுத்தான் தெரிந்தது. பக்கத்துப் பகுதிக்காரர்களிடம் வாரிக் அலுவலகம் கொடுத்த பழைய தாளை யூனிஸ் பார்த்தாள். எல்லாம் தட்டச்சு செய்த பெயர்ப் பட்டியல். வரைபடமும் வண்ணப் பொட்டும் எனக்கு மட்டும்தான். "எல்லாருக்கும் இப்படித்தான் குடுக்குறோம் ஐயா" என்றாயே, பொய்க்காரி!

என் கை நடுங்குவதில்லை நடீன். எனக்கு எழுத்துத் தெரியாது. ஏழு வயதில் அப்பா போனபின் ஏர் பிடித்தவன். வாக்குச்சீட்டு இருந்தால் பக்கத்தில் ஒருவர் வேண்டும். இந்தக் கூட்டத்தில் நடந்து போய் மூலையில் நின்றால் போதும், அதனால்தான் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. இறந்துபோன என் மனைவிக்கும் யூனிஸுக்கும் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். உனக்கு எப்போது தெரிந்ததோ. தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் உட்கார்ந்து நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்குப் பொட்டு வைத்திருக்கிறாய். மழை பெய்த அன்று பேசியது யார் என்று கேட்டேனே, பதில் அந்தப் படமாக என் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.

ஆனாலும் டெல்மார் மூலைக்கு நான் போகவில்லை. தந்திக்காரருக்கு என் கால் நகராது. யாருக்கும் இல்லை என்பவர்களுக்கும் ஒரு மூலை உண்டு, பால் பெட்டிகளுக்குப் பக்கத்தில். அங்கே போய்த் தனியாக நின்றேன். ரூபன் வந்தான். "ஏன்யா, ஒத்தையா நிக்கிறதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?" என்றபடி மற்ற ஏழு பேரையும் கையாட்டிக் கூப்பிட்டான். வந்தார்கள். ஒன்பது. மூலைக்கு மதிப்பு கிடைத்துவிட்டது. மார்ச்சில் நடக்கும் மாவட்டக் கூட்டத்துக்கு என்னையே பிரதிநிதியாக அனுப்புகிறார்கள், யாருக்கும் கட்டுப்படாதவனாக.

அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. தாள் கொண்டுவராதே. யாரும் உன்னை வேலைக்கு வைக்கவில்லை என்றால் நீ எந்த மூலையில் நிற்பாய்? அதை அந்த மேசையில் உட்கார்ந்து சொல். டெல்மார் என்றாலும் சொல், கேட்கிறேன். மாடியில் படுக்கை விரித்தாயிற்று. முட்டை தீயும்.

அதுவரை என் பெயருக்கு எதிரே காலியாக விடாதே. மேலாளர் திட்டுவார். மஞ்சள், மூன்று என்று போடு.

இப்படிக்கு,
X
ஆர்விட் லுண்ட்
(குறி அவர் போட்டது. பெயர் யூனிஸ் எழுதியது.)