குளிக்கத் தண்ணீர் இல்லை

பேரரசர் ஆண்டு 41, மூன்றாம் மாதம் 2

என் தங்கத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம்தானே? இரண்டு வீட்டுத் தணிக்கைக்காரர்களும் படித்த பிறகுதான் இது உன் கைக்கு வரும், அவர்களுக்கும் ஒரு கும்பிடு. போன கடிதத்தில் ‘கப்பல்’ என்று எழுதிய இடத்தைக் கத்தரித்துவிட்டார்களாமே! உன் மருமகளின் பொம்மைக் கப்பலப்பா அது.

பேரரசர் படுத்த படுக்கையாகிவிட்டார். அடுத்த அரியணை நம் அப்பாவுக்கா என் மாமனாருக்கா என்று இங்கே ஒரே குசுகுசு. என்னைக் கண்டால் கப்சிப். சண்டை வரக்கூடாது என்றுதான் என்னை இந்த வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார் அப்பா. ஒன்பது வருடம் ஆகியும், கணவர் காலமான பிறகும், இவர்களுக்கு நான் எதிராளி வீட்டுப் பெண்தான்.

அதைவிடப் பெரிய அவதி, எட்டு நாளாகக் குளியல் இல்லை. இந்த விண்மாளிகையில் குளிப்பது, துவைப்பது எல்லாம் வெளிச்சுவருக்குள் நிற்கும் தண்ணீரில்தானே? விரிசல் விட்டதென்று எங்கள் பக்கச் சுவரை வற்ற வைத்துவிட்டார்கள். உன் மருமகள் மேல் அடிக்கிற வாடைக்குப் பேயே ஓடிவிடும்.

சண்டை வருமா? அப்பாவின் படைத்தலைவன் நீ, உண்மையைச் சொல்லடா.

உன் அக்கா

*

மூன்றாம் மாதம் 6

அன்புள்ள அக்காவுக்கு,

சண்டையாவது ஒன்றாவது! வீண் கவலைப்படாதே. எட்டு நாள் குளிக்காமலா? சின்ன வயதில் உன்னைக் குளியலறையிலிருந்து வெளியே இழுக்க அம்மா கரண்டியோடு நிற்பாள். எந்தப் பக்கச் சுவர்? எப்போது சரியாகுமாம்?

அப்பாவுக்குத்தான் உடம்பு சரியில்லை. “பேத்தியைக் கண்ணால பாத்துட்டா போதும்டா” என்று புலம்புகிறார். இரண்டு பேருக்கும் பயணச்சீட்டு வைத்திருக்கிறேன். பதினெட்டாம் தேதிக்குள் கட்டாயம் வந்துவிடுங்கள்.

உன் தம்பி

*

மூன்றாம் மாதம் 10

தம்பிக்கு,

அப்பா செய்தி கேட்டுக் கை கால் ஓடவில்லை. பதினேழாம் தேதியே கிளம்பி வருகிறோம். உன் மருமகள் சீட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள்.

சுவர் கேட்டாயே, மேற்குப் பக்கம். பிள்ளைகளின் பள்ளிக்கூடத் தளத்தை ஒட்டினாற்போல. இருபதாம் தேதிதான் தண்ணீர் வருமாம். அங்கே வந்துதான் குளிக்கவேண்டும், சோப்பு வாங்கி வை.

அக்கா

*

மூன்றாம் மாதம் 18, அப்பா வீடு

தம்பி,

வந்துவிட்டேன். நீ இல்லை. எங்கே என்றால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நீ எந்தப் படைக்கப்பலில் இருந்தாலும் அங்கே இதைக் கொண்டுபோகச் சொல்லிக் காவலாளியின் காலில் விழுந்திருக்கிறேன்.

அப்பா குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒன்றுமே இல்லை. ஏன் பொய் சொன்னாய்?

குழந்தை என்னோடு வரவில்லையடா. கப்பலேறும் நேரத்தில் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “இவ எங்க வீட்டுப் புள்ள. நீ போய் உங்கப்பாவைப் பாத்துட்டு வாம்மா, நாங்க பாத்துக்கறோம்” என்றார். சாகக் கிடக்கும் அப்பா, நாலே நாள் என்று நானும் விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

நீ என்ன செய்யப்போகிறாயோ, அதை நிறுத்து. அவள் அங்கே இருக்கிறாள். காலையில் பள்ளிக்கூடம் போவாள். நிறுத்துடா.

*

மூன்றாம் மாதம் 20

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. தாக்கப் போகும் கப்பலில் ஐந்து நாளுக்குத் தபால் பிரிக்கக்கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவனே நான். நீ கப்பலேறிவிட்டாய் என்று தகவல் வந்தது. இரண்டு பேரும் என்றே நினைத்தேன். தணிக்கைக்குப் பயந்துதான் அப்பாவைச் சாக்காகச் சொன்னேன்.

தண்ணீர் நின்றிருந்தால் நேற்று நம் குண்டு அந்தச் சுவரைத் துளைத்திருக்காது. பேரரசர் கண்மூடிவிட்டார், அப்பா நாளைக்கு அரியணை ஏறுகிறார். சந்தோஷப்பட ஒருவரும் இல்லை. உன் அறை வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார்த்தை திட்டவாவது செய்.

தம்பி

*

மூன்றாம் மாதம் 22

தம்பி,

திட்ட வாய் வரவில்லை. எந்தப் பக்கம் என்று நீ கேட்டாய். மேற்கு என்று எழுதியது இந்தக் கைதான். இரண்டு தணிக்கைக்காரர்களும் பொம்மைக் கப்பலைக் கத்தரித்தார்கள், குளிக்கிற தண்ணீரை விட்டுவிட்டார்கள். நானும் அதைப் பாத்ரூம் புலம்பலாகத்தான் எழுதினேன், பாவி.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பள்ளிக்கூடத் தளம் என்றும் எழுதியிருந்தேனே. அதைப் படித்த பிறகுதானே நாள் குறித்தாய்? உன் மருமகள் அங்கே இருக்கமாட்டாள் என்று நினைத்தாய், சரி. மற்ற நூற்றுப் பத்துப் பிள்ளைகள்? அவர்களுக்கு யார் சீட்டு அனுப்பினார்கள்?

சடலங்களை ஒப்படைக்கப் போகும் கப்பலில் நானும் போகிறேன். எதிரிக்குச் சொன்னது யார் என்று அங்கே தேடுகிறார்களாம். மாமியார் பிழைத்திருக்கிறார். அவர் முன்னால் போய் நின்று, நான்தான் என்று சொல்வேன். என்ன செய்வார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தடுக்க ஆள் அனுப்பாதே.

அப்பா அரியணை ஏறியதற்கு இங்கே மாடியில் விளக்கு கட்டுகிறார்கள். என் பிள்ளைக்காக அழக்கூட எனக்கு அந்த வீடுதான் இருக்கிறது.