எந்த மலையிலை ஓடப்போறாய்?

ஜனவரி 12, ஞாயிறு

றிச்மண்ட் ஹில் கோயில் கார்ப் பார்க்கிங். அம்மா உள்ளே. நான் ஹீட்டரைப் போட்டபடி காருக்குள் இருந்து, பனியில் ஓட்டும் பழைய ஸ்னோமொபைல் வண்டிகளின் விற்பனை விளம்பரங்களை நாவல் வாசிப்பதுபோல் வாசிக்கிறேன். 'மனைவி விற்கச் சொல்கிறாள்.' 'முதுகு விட்டுவிட்டது.' ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு வீடு.

பழகுகிறவளுக்குப் பெரிய எஞ்சின் வேண்டாம், அறுநூறு சிசி போதும். ஆழப்பனியில் மிதக்க, சக்கரத்துக்குப் பதிலாகச் சுழலும் ட்ராக் பட்டி நீளமாக வேண்டும், ஆனால் நூற்றைம்பத்தைந்து அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. புதைந்தால் நானே தோண்டி எடுக்கக்கூடிய பாரமாக இருக்கவேண்டும். மூன்று மாத வாசிப்பு.

அம்மா வருவதைக் கண்டதும் போனைக் கவிழ்த்தேன். இருபத்தொன்பது வயதில்.

"ஆரோடை கதைச்சுக்கொண்டு இருந்தனீ?"

"ஒருத்தரோடையும் இல்லை."

உண்மைதான்.

ஜனவரி 15

கடிதம் வந்துவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில், மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பெப்ரவரி 14க்குள் பதில் வேண்டுமாம். வீட்டில் சொல்லவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

பாதியைச் சொன்னேன். ஸ்னோமொபைல் ஒன்று வாங்கப்போகிறேன், சனி ஞாயிறில் வடக்கே போய் ஓடுவேன் என்று. போன குளிர்காலம் வேலையிடத்தாரோடு போய் ஓடிப் பிடித்துப்போனது என்றும் சொன்னேன். அங்கே போனில் சிக்னல் இல்லாததுதான் பிடித்தது என்பதைச் சொல்லவில்லை. இரண்டு நாட்கள், எங்கே நிற்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா: "பனியிலை நடந்தே நான் இடுப்பை முறிச்சனான். நீ பறக்கப்போறியோ?"

மிசிசாகாவிலிருந்து போனில் ராகுலன் அண்ணா: "விடுங்கோ அம்மா. ரெண்டுதரம் ஓடுவாள். பிறகு உடுப்புக் காயப்போட உதவும்."

அப்பா: "தனியப் போகாத. ஏமாத்திப்போடுவாங்கள். நானும் வாறன்."

விமான நிலையத்தில் பெட்டி இழுக்கும் வண்டிகளைத் திருத்துகிறவர் அப்பா. எஞ்சின் என்றால் விடமாட்டார். தனியே செய்யவென்று நான் வைத்திருந்தது இது ஒன்றுதான்.

ஜனவரி 25, சனி

பாரி நகரம். முதல் மெஷின். மினுமினுவென்று துடைத்து வைத்திருந்தார்கள். ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆகும் என்றார் விற்பவர். அப்பா அதற்கு முன்பே கையுறையைக் கழற்றி எஞ்சின் மூடியில் கையை வைத்தார்.

"சூடாக் கிடக்கு. நாங்கள் வர முதலே ஆரோ எழுப்பி வச்சிருக்கினம். குளிரிலை எழும்பாது போல. நட பிள்ளை."

நன்றி என்று சொல்லிவிட்டு வந்தோம். கட்டுரைகளில் நானும் வாசித்திருந்தேன். கையை வைக்க மறந்துபோனேன்.

பெப்ரவரி 3

அம்மாவைப் பிசியோவுக்குக் கூட்டிப்போனேன். அப்பா இரவு வேலை முடித்து உறங்கும் நேரம், அண்ணா தூரம், கார் ஓடுகிறவள் நான். நடக்கக் கஷ்டப்படுகிறவர்களை வாசலில் வந்து ஏற்றும் வீல்-ட்ரான்ஸ் பஸ்ஸுக்கு விண்ணப்பம் நிரப்பி இரண்டு வருடம். அம்மாவின் கையெழுத்து மட்டும் இல்லை. இன்றும் கேட்டுப் பார்த்தேன்.

"எனக்கு ஏன் உது? நான் என்ன நொண்டியே? நீ இருக்கிறாய்தானே."

இருக்கிறேன்தானே.

பெப்ரவரி 8, சனி

ஒறிலியா. இரண்டாவது மெஷின். அன்ட்ரூ என்ற வயதானவர் வைத்திருந்தார். மூடியில் நான்தான் கை வைத்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. மூன்றாவது இழுவையில் எழும்பியது. ட்ராக்கின் பற்கள் முழுசாக இருந்தன. அப்பா குனிந்து, படுத்து, கேட்டு, தலையாட்டினார். இதுதான் என்று எனக்கும் தெரிந்தது.

அப்போது அன்ட்ரூ கேட்டார், எங்கே ஓட்டப்போகிறாய் என்று. வடக்கே, பாதைகளில் என்றேன். அவர் சிரித்தார். இது மலை மெஷின். தூள்பனி கீழிருந்து தெறித்து அடித்தால்தான் எஞ்சின் ஆறும். இங்கத்தைய இறுகிய பாதையில் ஓடினால் கொதித்துவிடும். "மலைக்குப் போகாதவருக்கு இதை விற்கமாட்டேன்."

கையுறையை மாட்டிக்கொண்டேன். விடுமுறைக்கு மலைக்குக் கொண்டுபோவேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

வாங்காமல் திரும்பும் வழியில், பெற்றோல் ஸ்டேஷனில் அப்பா காரை நிறுத்தினார். இறங்கவில்லை.

"மூண்டு மாசமா வாசிச்சனீ. இது இஞ்சை ஓடாதெண்டு உனக்குத் தெரியும். எந்த மலையிலை ஓடப்போறாய்?"

சொன்னேன். வேலை, ஊர், 14ஆம் திகதி.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்."

"நீ எங்கை சொன்னனீ? அந்த வெள்ளைக்காரன்தானே சொன்னவன்."

வோபர்னில் எங்கள் வீடு வரும்வரை றேடியோகூடப் போடவில்லை.

பெப்ரவரி 11

என்னத்தை எழுத. அப்பா அம்மாவுக்குச் சொல்லிப்போட்டார். மூண்டு பேரும் ஒரு வீட்டுக்குள்ளை, கோப்பை வைக்கிற சத்தம்தான் கேக்குது. ஒருத்தரும் போகாதே எண்டு சொல்லேல்லை. சொன்னாலாவது சண்டை பிடிக்கலாம்.

வேலை வேண்டாம் என்று கடிதம் எழுதி வைத்தேன். நான்கு வரி. நன்றாகத்தான் வந்திருக்கிறது.

பெப்ரவரி 13

காலையில் அம்மா, பாணுக்குப் பட்டர் பூசியபடி, என்னைப் பார்க்காமல்:

"மலையிலை இருக்கிற சனத்துக்கு ரத்தம் பாக்க இஞ்சையிருந்தே ஆள் போகவேணும்?"

சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவேன் என்று பாணைத் தின்றேன்.

பெப்ரவரி 14

காரின் திறப்புக் கோர்வையை வழக்கமாக வைக்கும் இடத்தில், திறப்புக்குக் கீழே, வீல்-ட்ரான்ஸ் விண்ணப்பம். சந்திரவதனா இரத்தினவேல். தமிழில், பேனையை அழுத்தி, கோட்டுக்கு வெளியே போன அம்மாவின் கையெழுத்து.

அம்மாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். திறக்கவில்லை.

நான்கு வரியை அழித்தேன். வருகிறேன் என்று எழுதி அனுப்பினேன்.

மார்ச் 22, சனி

அம்மா இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. புதன்கிழமை பிசியோவுக்குத் தனியே பஸ்ஸில் போய் வந்தார். டிரைவர் மட்டக்களப்புப் பெடியனாம். அதையும் அப்பாவிடம்தான் சொன்னார்.

இன்று ஒறிலியா. அன்ட்ரூ அந்த மெஷினை விற்காமல் வைத்திருந்தார். மேற்கே அனுப்ப லொறிக்கு ஆள் பிடித்ததும் அப்பாதான். விற்பனைத் துண்டில் என் பெயரை எழுதி, கீழே விலாசம் எழுதத் தொடங்கினேன். வீட்டு இலக்கம், வீதி. கை தானாகவே போனது.

அப்பா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"உந்த விலாசத்தை வெட்டு."

வெட்டினேன். மலை ஊரில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் அறையின் விலாசம் எனக்கு இன்னும் பாடமில்லை. போனைத் தேடினேன். அதற்குள் அப்பா அந்த விலாசத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார், மெதுவாக, நான் எழுதி முடிக்கக் காத்து நின்று, தபால் குறியீடுவரைக்கும்.