பின் சீட்டில் இருந்த பை

கொடியில் புதுப் பைகள் இரண்டும் காய்ந்துகொண்டிருக்கின்றன. நேற்று நாகலாபுரம் போய்த் திரும்பும்போது உறை போட மறந்து மழையில் நனைந்தவை. ஈர ரெக்சின் வாசனை வாசலில் நிற்கிறது. உன் மோட்டார் வண்டி வீட்டுக்கு வந்த அன்றும் இதே வாசனைதான் அடித்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். செத்தவரோடு சண்டை பிடிக்கக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது நீ எங்கே சண்டைக்குப் பிடிகொடுத்தாய்? எழவு வீட்டில் எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதே பேசினார்கள். நானும் பேசினேன். மிச்சத்தை இப்போது சொல்கிறேன், கேள்.

ஏரியில் வலை கட்டும் பாடு நம் பக்கத்தாருக்கு வரும் நாளில் நீ வலையோடு போவாய். தொழிலில் உன்மேல் நான் குறை சொல்லவே மாட்டேன். முறை தவறி மற்றவர் பாட்டில் நீ ஒரு நாளும் வலை கட்டியதில்லை. அடுத்த பக்கத்தார் முறை வந்தால் நமக்கு வேலை இல்லை. தோணிரேவுக் கரையில் மற்ற ஆண்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். நீ வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். சூலூர்ப்பேட்டை, ஊத்துக்கோட்டை, நாகலாபுரம். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். எங்கே போனாய் என்று கேட்டால் “சொம்மா” என்பாய். அந்த நாட்களில் உன் வலையின் கிழிசலை நான் தைத்துக்கொண்டிருப்பேன்.

நான் உன்னிடம் பெரிதாக எதையும் கேட்டவள் இல்லை. நாகலாபுரத்து மலையடியில் ஓடை ஓடுகிறது என்று நீதான் வாய்தவறிச் சொன்னாய். உப்புத் தண்ணீரில் பிறந்து, சேற்றில் இறால் தடவிப் பிடித்து, குடிக்கிற தண்ணீரைக் குடத்தில் சுமந்தே காலம் தள்ளியவளுக்கு, உப்பில்லாத தண்ணீரில் கழுத்துவரை முங்கிக் கிடக்க ஆசை வந்தது தப்பா? “ஒரு வாட்டி என்னியும் இட்னு போய்யா” என்றேன். நீ பின் சீட்டைக் கையால் காட்டினாய். “இன்னாமே, பை கீது பாரு. எங்க குந்துவே?”

ஆமாம், பை இருந்தது. பின் சீட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு, மூன்று பேர் துணி பிடிக்கிற அளவில் ஒரு கறுப்புப் பை. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக வலைக்கயிறு, முடிச்சுக்கு மேல் முடிச்சு. அதற்குள் நீ வைத்திருந்தது என்ன? ஒரு லுங்கி, ஒரு துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில். துவைத்துப்போட்டவள் நான், எனக்குத் தெரியாதா?

“அத்த கழட்டி வெச்சிட்டுப் போலாமே” என்று கேட்டதற்கு, “கழட்ற பை இல்லமே அது” என்றாய். நானே அவிழ்த்துப் பார்த்திருக்கலாம். ஆனால் தொழிலுக்குக் கிளம்புகிறவன் போட்ட முடிச்சைப் பெண் கை அவிழ்க்கக் கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கம். கல்யாணமான புதிதில் தோணிக்கயிற்றை அவிழ்க்கப் போய் உன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அதன்பிறகு நீ கட்டிய எதையும் தொட்டதில்லை. தோணிக்குச் சொன்னதை வண்டிக்கும் சேர்த்து நம்பினேனே, அது என் புத்தி. அந்தப் புத்தியை நன்றாகத் தெரிந்துகொண்டு கயிறு போட்டாயே, அது உன் புத்தி.

பாடு இல்லாத ஒரு நாளில்தான் நீ போனாய். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. வருஷ திதி வரைக்கும் வண்டி பையோடு அப்படியே நின்றது. அவன் கட்டினது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள் உறவுக்காரர்கள்.

திதி முடிந்ததும் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது நம் வீட்டிலேயே இருக்கும் உன் தங்கை. மீஞ்சூர் பக்கம் கம்பெனி வேலைக்குத் தினமும் ஸ்கூட்டரில் போய்வருகிறவள், கியர் வண்டியும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க இடம் இல்லாததால், மணலில் என் பக்கத்திலேயே மூச்சிரைக்க ஓடிவந்தாள். “இன்னா அண்ணி, அத்த அவுத்துக் கடாசேன்!”

“உங்க அண்ணன் போட்ட முடிச்சுமா.”

“அண்ணே இன்னா வண்டிலயா மீன் புடிக்கப் போச்சு?”

கேட்டாளே தவிர, அவளும் அதில் கை வைக்கவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவள்தானே.

போன வாரம் பிரேக் பார்க்க மீஞ்சூர் போனவள், வண்டிச் சாமான் விற்கும் கடையிலும் நிறுத்தினேன். கடைக்காரர் உன் பையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கயிற்றுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இதுக்கு எதுக்கும்மா கயிறு? நாலு மூலையிலயும் க்ளிப்பு வெச்ச பை. அமுக்குனா கையோட வந்துடும். அதுக்கோசரம்தானே இத்த வாங்குறது!”

கத்தி கொண்டுவரப் போனவரை வேண்டாம் என்று தடுத்தேன். தெருவில் நின்றபடி ஒவ்வொரு முடிச்சாக நானே அவிழ்த்தேன். உப்பேறி இறுகிக் கிடந்ததில் நகம் பெயர்ந்தது. பிறகு நாலு க்ளிப்பையும் அமுக்கினேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை, பை கையில் இருந்தது.

அடியில் இருந்த சீட்டில் கம்பெனி ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. யாரும் உட்காராத சீட்டு. எவளையாவது ஏற்றிக்கொண்டு சுற்றியிருந்தால்கூட எனக்குச் சண்டை போட ஓர் ஆள் கிடைத்திருப்பாள். உனக்கு யாருமே வேண்டாம் என்று இருந்திருக்கிறது. இதை நான் யாரிடம் போய் முறையிடுவது? கடைக்காரர் எதிரிலேயே அழுதேன். உனக்காக அழுதேன் என்று நினைத்து அந்த மனிதர் டீ வாங்கிக் கொடுத்தார்.

டீயைக் குடித்துவிட்டு வேறு பை பார்த்தேன். டேங்க் மேல் காந்தத்தால் ஒட்டுகிற பையைக் காட்டினார். கைப்பிடி திருப்பும்போது இடித்தது, வேண்டாம் என்றேன். பெட்டி வகைக்கு இரும்புச் சட்டம் முடுக்க வேண்டுமாம். நம் ஊர்க் காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? கடைசியில் சீட்டின் இரண்டு பக்கமும் தொங்குகிற ரெக்சின் பைகளை எடுத்தேன். இரும்புக் கொக்கி இல்லாத பிளாஸ்டிக் க்ளிப். சைலன்சர் பக்கம் சுடாமல் இருக்க அடியில் தடித்த தகடு. மழைக்கு உறை. பாரத்தை இரண்டு பக்கமும் சமமாக வைக்கச் சொன்னார். தோணியில் ஏறி இறங்கியவளுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. க்ளிப்பைப் பத்து முறை போட்டுக் கழற்றிப் பார்த்தேன். பின் சீட்டு காலியாக இருந்தது. எனக்கு வேண்டியது அதுதான்.

அன்று மீஞ்சூரிலிருந்து தனியாகத் திரும்பினேன். பழவேற்காட்டுச் சாலையில் காற்று முகத்தில் அடித்தது. அரை மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. சோறு ஆச்சா என்று கேட்கவில்லை, இறால் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் திரும்ப மனம் வராமல் ஏரிப் பாலம்வரை போய்வந்தேன். நீ எதற்குப் போனாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் உன்மேல் இருந்த கோபம் இரண்டு பங்கானது. இவ்வளவு நல்லது ஒன்று இருக்கிறது என்று தெரிந்தும், வீட்டில் என்னையும் உன் தங்கையையும் வைத்துக்கொண்டு, நீ மட்டும் தின்றிருக்கிறாய். என்னைக் கூட்டிப்போகவில்லை என்பதைக்கூட மறந்துவிடுவேன். இதை மறக்கமாட்டேன். நீ விட்டுப்போனதில் நான் கீழே வைக்காமல் தூக்கிக்கொண்டு திரிவது இந்த ஒன்றைத்தான்.

நேற்று உன் தங்கைக்கு லீவு. பின்னால் அவளை உட்காரவைத்து நாகலாபுரம் போனேன். பைகளை ஒரு நொடியில் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டு, தண்ணீரில் கழுத்துவரை கிடந்தேன். வாயில் பட்டது, உப்பில்லை. குளிரில் பல் அடித்துக்கொண்டாலும் எழவில்லை. “அண்ணே நெனப்பு வருதா அண்ணி?” என்றாள். “வருது. வாயில நல்லா வருது” என்றேன். சிரித்தவள், ஆனாலும் பாவம் என்று உனக்காகப் பரிந்து பேசினாள். அண்ணன் அப்படி ஒன்றும் கெட்டவன் இல்லையாம்.

கரையேறித் துணி மாற்றியதும் வண்டிச் சாவியை அவள் கையில் கொடுத்தேன். “நீ மட்டும் போ. மலைய சுத்திட்டு வா. போன்ல யாரும் கூப்ட்டா எடுக்காத” என்றேன். ஒன்றும் புரியாமல்தான் போனாள். நான் பாறைமேல் பைகளோடு காத்திருந்தேன்.

வெகு நேரம் கழித்து வந்தாள். தலை கலைந்து, முகம் சிவந்திருந்தது. வண்டியை நிறுத்தியவள் இறங்கவில்லை. “தெனமும் வண்டி ஓட்றேன் அண்ணி, இப்டி ஒரு நாளும் ஓட்னதில்ல” என்றாள். பிறகு அவள் குரல் மாறியது. “இத்தயா அந்த ஆளு நம்மகிட்ட சொல்லாம வெச்சினு இருந்தாரு?”

அண்ணே என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.