இரண்டாம் பக்கத்தின் கடைசி

‘இஞ்சாருங்கோ’ என்றதும் எந்த வேலையிலிருந்தும் திரும்பிப் பார்க்கிற என் அன்பானவருக்கு,

உங்கள் ஆட்டத்திவசம் போன கிழமை முடிந்தது. ஒரு வருசமாய்ப் பாட்டில்லாமல் கிடந்த வீட்டில் முதலில் உங்கள் இசைத்தட்டுத்தான் பாட வேண்டும் என்று நினைத்திருந்தேன். உங்கள் அக்கா முகத்தைச் சுளித்தார். “இப்பவே என்ன அவசரம்?” என்றார்.

“ஓம் மச்சாள், எனக்கு அவசரந்தான்” என்றேன். நீங்கள் இருந்தபோது அவருக்கு வாய் காட்டாதவள் நான். பார்த்தீர்களா?

குளக்கட்டு வேலைக்கு வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஊர் திரும்பும்போது, ஓவசியரான உங்களிடம் பற்றரியில் ஓடும் பாட்டுப்பெட்டியையும் அந்த ஒரேயொரு தட்டையும் தந்துவிட்டுப் போனார். முள்ளியவளையிலேயே நம் வீட்டில் மட்டும் சிம்பொனி! முதல்நாள் நான், “நாலு கலியாண வீட்டு மேளம் ஒரே ஒடுங்கின ஒழுங்கையிலை வந்த மாதிரிக் கிடக்கு” என்றேன். சிரித்துச் சிரித்து உங்களுக்குப் புரையேறியது. பிறகு எனக்கும் அது பிடித்துப்போனது. அதைக் கேட்கும்போது உங்கள் முகம் பிடித்ததால் இருக்கலாம்.

இரண்டாம் பக்கத்தில் ஓரிடம் வரும். சத்தம் தேய்ந்து, இழுபட்டு, ஒரு வயலின் மட்டும் முனகும். உடனே நீங்கள், “இஞ்சரும், பற்றரி இறங்கிட்டுது. ஊசியைத் தூக்கும்” என்பீர்கள். அடுத்த நாள் பற்றரிகளைச் சுளகில் மிளகாயோடு வெயிலில் காயப்போடுவோம். திரும்பப் போட்டால் அதே இடத்தில் இறங்கும். புதுசு போட்ட நாளிலும் உங்களுக்குப் பொறுமை இருந்ததில்லை. சனியன் பிடித்த பற்றரி என்று திட்டுவீர்கள்.

முந்தாநாள் நானும் புதுசு போட்டேன். அதே இடத்தில் இறங்கியது. வந்த கோபத்தில் பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போய், காசிம் நானாவின் கடை மேசையில் அவற்றைக் கொட்டினேன். “நானா, பழசைத் தந்திட்டியள்!”

அவர் இரண்டை எடுத்துத் தன் ரோச் லைற்றில் போட்டு அழுத்தினார். கடை மூலை வரைக்கும் வெளிச்சம். “பற்றரியில பிழையில்ல தங்கச்சி. பாட்டே அப்பிடித்தானோ என்னவோ.”

நேற்றுப் பின்னேரம் உங்கள் கதிரைக்குப் பக்கத்தில் என் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். அந்த இடம் வந்தது. கை தானாக ஊசிக்குப் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வயலின் முனகி முனகி நின்றுவிட்டது போலிருந்தது. பிறகு மெல்ல ஒவ்வொரு வாத்தியமாகத் திரும்பி வந்தது. கடைசியில் எழும்பிய சத்தத்துக்கு மச்சாள் குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்து, முடியும்வரை அப்படியே நின்றார்.

“தம்பி இதைக் கேட்டவனோ?”

“இல்லை மச்சாள்.”

இருவரும் அழுதோம். ஏனப்பா, அவ்வளவையும் அங்கே வைத்துக்கொண்டா நாங்கள் பற்றரி காயப்போட்டோம்? உங்களுக்கு எல்லாவற்றிலும் அவசரம். போவதிலும் அவசரந்தானா?

அந்தக் கடைசிப் பகுதியை இனி நாள்தோறும் கேட்டுப் பாடமாக்குவேன். உங்களிடம் வரும்போது கொண்டுவருவேன். வாயாலேயே பாடிக் காட்டுவேன். எவ்வளவு சிரிப்பு வந்தாலும், முடியும்வரை நீங்கள் கேட்க வேண்டும்.

‘இஞ்சரும்’ என்ற குரலுக்கு இன்னும் காது கொடுத்திருக்கும்,
உங்கள் மனுசி