வெற்றிலைப் பெட்டிக்குள் நீலப் பம்பு

2024 ஏப்ரல் 20

சத்தியமாகச் சொல்கிறேன்: இனி எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். படிக்கப்போகிற ஒரே ஆள் நான்; நானும் நம்பமாட்டேன்.

தூத்துக்குடிக்கு வருகிற கப்பலெல்லாம் என் கடைக் கயிற்றில்தான் கட்டுண்டு நிற்கின்றன என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கும் சங்கரபாண்டியனாகிய எனக்கு, நாளை வாயைத் திறக்கத் தடை. தங்கை சீனித்தாயின் உத்தரவு. "அண்ணே, பொண்ணு பார்க்க வாராவ. உம்ம புளுகையெல்லாம் கடையில பூட்டி வச்சிட்டு வாரும்."

அவள் புளுகு மட்டும் வீட்டுக்குள் இருக்கலாம். அவள் மகள் சண்முகப்ரியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா இழுப்பு; வருகிறவர்களுக்கு அது தெரியக் கூடாதாம். இப்போது நெஞ்சுநோய் வார்டில் நர்ஸ். "குலுக்குங்க, மூச்சை வெளிய விடுங்க, அமுக்கிக்கிட்டே மெதுவா இழுங்க, அடக்குங்க" என்று நாளெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொடுப்பவள், வீட்டில் தன் நீல இன்ஹேலர் பம்பைக் கதவைச் சாத்திக்கொண்டு இழுக்கிறாள்.

ஏப்ரல் 21

வந்தார்கள். ஸ்ரீவைகுண்டத்து வயற்காரர்கள். மாப்பிள்ளை இசக்கிராஜா தரையைப் பார்த்தபடியே இருந்தான்.

அவசரத்தில் சீனித்தாய் நீலப் பம்பை ஒளித்த இடம், பழைய வெற்றிலைப் பெட்டி! எங்கள் வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லையாம். வருகிறவர்கள் போடுவார்களே? தட்டில் ஆத்தூர் வெற்றிலை வைத்தாள், சுண்ணாம்பை மறந்தாள். மாப்பிள்ளையின் தாய் சுடலைமாடத்தி தானே பெட்டியை இழுத்துத் திறந்தாள். சுண்ணாம்புக் கிண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் பம்பு.

"இது யாருக்கு?"

"எனக்கு!" என்றேன்.

தடை போச்சு. முத்துக்குளிக்க இறங்கி, ராட்சதச் சிப்பியோடு ஒரு வாரம் மூச்சடக்கிச் சண்டையிட்டதில் நுரையீரல் கோபித்துக்கொண்டது என்றேன். சிரித்தார்கள்.

"அப்ப ஒண்ணு இழுத்துக் காட்டும் அண்ணாச்சி" என்றாள் சுடலைமாடத்தி.

மூடியோடு வாயில் வைத்தேன். ப்ரியாவுக்குள் இருந்த நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. "மாமா, மூடியைக் கழத்துங்க! முதல்ல மூச்சை வெளிய விடுங்க…"

இழுத்தேன். "ஆஹா, அடைச்சுக் கிடந்த கதவு திறந்தாப்புல மூச்சு வருதே!" என்று கூத்தடித்தேன். கை நடுங்கியது. "மருந்தோட குணம் மாமா, பயப்படாதீங்க" என்றாள்.

மாமாவை இப்படிப் பார்ப்பவள் மாமியாரை எப்படிப் பார்ப்பாள்! என்று அங்கேயே கல்யாணத்தைப் பேசி முடித்தார்கள்.

ஏப்ரல் 22

என் பொய்யில் ஒரு கல்யாணம். வெளியே போனால் பம்பு இனி என் சட்டைப்பையில்தான் இருக்க வேண்டுமாம்; சீனித்தாயின் அடுத்த உத்தரவு.

மே 9

இன்னொரு பம்பும் உண்டு. காவி நிறம். இழுப்பு வராமலிருக்கத் தினமும் இழுத்து, பிறகு வாய் கொப்பளிக்க வேண்டியது. அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டாள் சீனித்தாய். "இப்பத்தான் இழுப்பே இல்லையேளா. அங்கன போயும் கொப்பளிச்சிட்டு நிப்பியா?"

இழுப்பு இல்லாததே அந்தப் பம்பால்தான். இதே தப்புக்கு நோயாளிகளைத் திட்டுகிற ப்ரியா, தலையாட்டினாள்.

நானும்தான். கப்பலையே கட்டி இழுக்கிற வாய் — இதற்கு ஏன் திறக்கவில்லை?

மே 24

ஸ்ரீவைகுண்டத்தில் அவர்கள் குலசாமிக்குக் கொடை, வருடத் திருவிழா. நிச்சயமான பெண்ணும் வர வேண்டும் என்றார்கள்.

மதியப் பூசை நேரம். சாம்பிராணிப் புகையில் சாமியே தெரியவில்லை. ப்ரியாவின் தோள்கள் ஏறி ஏறி இறங்கின. பேச்சு அறுந்து அறுந்து வந்தது. பம்பு என் பையில். சீனித்தாயின் கண் என் மேல்: எடுக்காதேயும்.

என்ன செய்ய? "ஐயோ, மூச்சு!" என்று நான் விழுந்தேன். என்னைக் கவனிக்கிற சாக்கில் அவளும் ஒன்று இழுத்துக்கொள்ளட்டும் — என் மகா தந்திரம்!

அவள் என் நெஞ்சில் காதை வைத்தாள். முகம் மாறியது. பையிலிருந்து பம்பை எடுத்து எனக்கு ஒன்று கொடுத்தாள். பிறகு நிமிர்ந்து, முந்தானையில் அதைத் துடைத்து, குலுக்கி, எல்லோரும் பார்க்கத் தன் வாயில் வைத்தாள். இழுத்தாள். அடக்கினாள். காத்திருந்தாள். மறுபடியும். வார்டில் சொல்லிக்கொடுப்பாளே, அதே மாதிரி.

மேளம் நின்றது என்று எழுத ஆசை. நிற்கவில்லை.

"அப்ப பம்பு யாருது அண்ணாச்சி?" என்றாள் சுடலைமாடத்தி.

"என்னுது" என்றாள் ப்ரியா.

இசக்கிராஜா அப்போதும் தரையைத்தான் பார்த்தான்.

மே 27

தரகர் போன் பண்ணினார். வேண்டாமாம். "இழுப்புகூடப் பெருசில்ல, ஏமாத்திட்டாவளே" என்றார்களாம். பெருசில்லையா! முதலிலேயே சொல்லியிருந்தால் எங்கள் தெருவுக்குள் வந்திருப்பீர்களா, வே?

சீனித்தாய் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வைக்கிறாள்.

ஜூன் 5

குழாயடியில் காவிப் பம்பும், கொப்பளிக்கிற டம்ளரும் — வருகிறவர் போகிறவர் பார்க்க. ப்ரியாதான் வைத்தாள். பக்கத்தில் இன்னொரு பம்பு. அதில் என் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது.

நேற்று வார்டுக்கு இழுத்துப்போய் என்னை ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். ஊதினேன். டாக்டர் சிரிக்கவில்லை. கயிற்றுத் தூசியால் வந்த இழுப்பு என்றார்.

"அன்னைக்கு உங்க நெஞ்சுல விசில் கேட்டுச்சு மாமா. நடிச்சா விசில் வராது."

சிப்பி பொய். முத்து பொய். கப்பலெல்லாம் என் கயிற்றில் நிற்பதும் பொய். பெண் பார்க்க வந்த அன்று அத்தனை பேர் முன்னால், மூச்சு வருதே என்று கூவினேனே — அது ஒன்றுதான் நிஜம்.