மாமாவின் ரிப்போர்ட்டும் லைசென்ஸ் படிவமும்

மாமா,

ஷிப்ட் பஸ் வந்துவிடும், அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். குக்கரில் சாதம், பக்கத்தில் மோர்க்குழம்பு. சாவி மீட்டர் பெட்டிக்கு மேல்.

அலமாரியில் மாத்திரையைத் தேடாதீர்கள், நான்தான் எடுத்துவிட்டேன். எங்கள் கம்பெனி மெடிக்கல் கேம்ப்பில் எடுத்த உங்கள் யூரின் ரிப்போர்ட்டை நேற்று வாலாஜாபாத் டாக்டரிடம் காட்டினேன். காய்ச்சல், எரிச்சல் எதுவும் இல்லாமல் கிருமி மட்டும் இருப்பது வயதானவர்களுக்குச் சகஜமாம். அதற்கு மருந்து வேண்டாம், அதனால் ஆயுசும் குறையாது என்றார். "இன்னாம்மா, ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பாக்குறியா, மனுஷனுக்கா?" என்று கேட்டார்.

பொருளில் ஒரு புள்ளி இருந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கி வைப்பதுதான் கம்பெனி லைனில் என் வேலை. அதே பழக்கத்தில் உங்களுக்கும் ஒட்டிவிட்டேன். மெடிக்கலில் நானாகக் கேட்டு மாத்திரை வாங்கியது தப்பு. "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று நீங்கள் சொன்னபோது கத்தியது அதைவிடத் தப்பு.

காய்ச்சலோ எரிச்சலோ வந்தால் மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சசிகலா

மறந்துவிட்டேன்: ரிப்போர்ட் வந்த அன்று, "இன்னும் அஞ்சு வருஷத்துக்கு யாரு இருக்கப்போறா" என்று வண்டி லைசென்ஸை அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிக்கும் படிவத்தைக் கிழித்துப் போட்டீர்களே, வேறு ஒன்று டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு வையுங்கள். அஞ்சு வருஷம் முடிந்ததும் அடுத்த படிவத்தையும் நானே வாங்கி வருகிறேன்.